ஓட்டாத காரைத் தேடி வந்த ரோடு

கரடிச்சோலை மலைமேல் ஏறுகிற ரோடு, தன் கொண்டை ஊசி வளைவுகளையும் ஓரத்துத் தடுப்புக் கற்களையும் வளைவுக்கு வளைவு உட்கார்ந்திருக்கும் குரங்குகளையும் கூட்டிக்கொண்டு மலையை விட்டிறங்கி, கோயமுத்தூரில் எங்கள் பவுண்டரி வீதிக்கு வந்து சேர்ந்த அன்றைக்கு, எங்களுக்குத் தண்ணீர் விடும் முறை. விடியலில் குடத்தோடு வந்த பொம்பளைகள் ரோட்டைப் பார்த்தார்கள். ரோடு ஏன் வந்தது என்று ஒருத்தியும் கேட்கவில்லை; குழாயடியில் வந்து படுத்திருக்கிறதே, இனிக் குடத்தை எங்கே வரிசை வைப்பது என்றுதான் கேட்டார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். தண்ணீர் வருவதே வாரத்துக்கு ஒருநாள்.

ரோட்டின் அடிமுனை தண்டபாணி வீட்டுக் கேட்டில் முட்டிக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து எழும்பி, எங்கள் மொட்டை மாடிகளுக்கும் துணி காயும் கொடிகளுக்கும் மேலாக வளைந்து வளைந்து ஏறி, அடியில் மலை என்று ஒன்று இல்லாத வெறும் ஆகாயத்தில் நின்று, பஞ்சாலைப் புகைபோக்கியையும் தாண்டி மூடுபனிக்குள் போய் முடிந்தது. முடிகிற இடத்தில் ஊர் இல்லை, மரம் இல்லை. வெட்டின மாதிரி நின்றுவிடும், அதற்கப்புறம் காற்றுதான். சித்திரை மாதத்தில் எங்கள் வீதிக்கு மட்டும் குளிர் அடித்தது. யார் வீட்டில் இட்லி மாவை வெளியே வைப்பார்கள் என்று குரங்குகள் சாயங்காலத்துக்குள் தெரிந்துகொண்டன.

ரோடு யாரைத் தேடி வந்தது என்று எங்களுக்குத் தெரியும். தண்டபாணி வீட்டுக்குள் பூட்டிக் கிடந்த காரைத் தேடி.

அந்தக் காரை வாங்கியது தண்டபாணியின் அப்பா அர்த்தநாரி. மோட்டார் பம்பு வார்த்து விற்றுச் சம்பாதித்த மனிதர், சீமைக்குத் திரும்பிப் போன ஓர் எஸ்டேட் துரையிடம் வாங்கினார். சிவப்பு நிறம், கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம், தரையோடு தரையாக ஓடும், ஆக்சிலரேட்டரை மிதித்தால் தூங்குகிற வீதி எழுந்து உட்காரும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அது கரடிச்சோலைக்கு ஏறி இறங்கும். ஓட்டுவது அவரல்ல, மூத்த மகள் சுலோச்சனா. அவள் வளைவெடுப்பதைப் பார்க்க மலைக்காரர்கள் காட்டு வேலையைப் போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். மலையேற்றப் பந்தயத்தில் மில் முதலாளி வீட்டுப் பையன்களையெல்லாம் பின்னுக்குத் தள்ளி அவள் ஜெயித்தபோது எங்கள் வீதி பட்டாசு வெடித்தது. அர்த்தநாரி சாகும்போது காரை மகள், மகன் இரண்டு பேருக்குமாக எழுதிவைத்துவிட்டுப் போனார். நல்ல மனசுதான். நல்ல மனசுக்காரர்கள் இழுத்துவிட்டுப் போகிற வம்புக்கு அளவே கிடையாது.

தண்டபாணிக்குக் கார் ஓட்டத் தெரியாது. விலை பார்க்கத் தெரியும். இந்த மாதிரிக் கார்கள் உலகத்தில் இனி விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கின்றன, வெளிநாட்டில் ஏலம் விடுகிறார்கள், தங்கத்தைவிட வேகமாக, பூமியைவிட வேகமாக விலை ஏறுகிறது என்று என்றைக்கு அவன் தெரிந்துகொண்டானோ, அன்றோடு அந்தக் காருக்குச் சனி பிடித்தது. கண்ணாடி அறை கட்டினான், ஏசி போட்டான், ஈரத்தை உறிஞ்ச ஒரு மெஷின் வைத்தான், உள்ளே நிறுத்திப் பூட்டினான். ஓடாத காருக்குத்தான் விலையாம்! மீட்டரில் ஒரு கிலோமீட்டர் கூடினால் விலை ஒரு படி இறங்குமாம். ஆகவே மாதம் ஒருதரம் வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரம் தரையில் படாமல் எஞ்சினை மட்டும் உறுமவிட்டு, அக்கம்பக்கத்தில் நாங்கள் எட்டிப் பார்ப்பதற்குள் அணைத்துவிடுவான். ஆக்கின சோற்றை மோந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிற பொழப்பு.

சுலோச்சனா எதிர்வரிசையில், என் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருந்தாள். தலை நரைத்துவிட்டது, முழங்கால் வலி உண்டு, ஆனால் காய்கறி வாங்க ஸ்கூட்டரில் போகும்போதுகூட அவள் திருப்பத்தை எடுக்கிற விதத்தில் பழைய திமிர் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தம்பி வீட்டுக்குப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் நிற்பாள்.

"என் பாதியவாச்சும் ஓட்டறேன், சாவியக் குடுடா."

"பாதிக் கார எப்படிக்கா ஓட்டுவே?"

"ஸ்டீயரிங் இருக்கற பாதி என்னோடது. மீதிய நீயே கட்டிப்புடிச்சிட்டுக் கெட."

"விக்கறப்போ உன் பங்கு பைசா கொறையாம வந்துரும்க்கா. கம்முனு இரு."

வருஷக்கணக்காக இதே பேச்சு. வருஷக்கணக்காக அவள் கம்மென்றுதான் திரும்பி வந்தாள். ரோட்டுக்குத்தான் பொறுக்கவில்லை, கிளம்பி வந்துவிட்டது.

அதை எங்கள் வீதி ஏற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னால் உங்களுக்குக் கோபம் வரவேண்டும். வராவிட்டால் உங்களிடம் ஏதோ கோளாறு என்று அர்த்தம். முதல் நாலு நாள் எல்லாரும் யோக்கியமாகத்தான் இருந்தோம். ரோட்டுக்கு மஞ்சள் தெளித்துக் கற்பூரம் காட்டினோம், மூட்டு வலிக்காரர்கள் காலையில் இரண்டாம் வளைவு வரை நடந்து வந்தார்கள், பையன்கள் பைக்கை எடுத்துக்கொண்டு உச்சிவரை போய், ரோடு முடிகிற விளிம்பில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து ஊரைப் பார்த்தார்கள். முதல் வளைவில் ஒருவர் டீக்கடை போட்டார், மிளகாய் பஜ்ஜி நன்றாகவே இருந்தது. கவுன்சிலர் வந்து, இந்த ரோட்டைத் தன் சொந்த முயற்சியில் வார்டுக்குக் கொண்டுவந்ததாக மைக்கில் பேசினார். கை தட்டினோம். தட்டினால் குழாயை வேறு இடத்துக்கு மாற்றித் தருவார் என்று ஓர் ஆசை.

அப்புறம் பூமி புரோக்கர்கள் வந்தார்கள். மாடியிலிருந்து வளைவு தெரிகிற வீட்டுக்கு ஒரு விலை, பனி வந்து மோதுகிற ஜன்னலுக்கு ஒரு விலை என்றார்கள். அது முடிந்ததும், வீட்டை எதற்கு விற்பானேன், வளைவையே விற்கலாமே என்றார்கள். நாட்டிலேயே ஆகாயத்தில் நிற்கிற ரோடு இது ஒன்றுதான், இனி ஒன்று வரப்போவதில்லை, வாங்கிப் போட்டால் ஏறும். மூன்றாம் வளைவை ஒரு பல் டாக்டர் வாங்கினார். ஐந்தாம் வளைவைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் வாங்கி, மறுநாளே இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டார். வாங்கின ஒருவரும் அந்த வளைவில் கால் வைத்ததில்லை. வாங்கினவர்களெல்லாம் கூடிச் சங்கம் அமைத்து முதல் வேலையாக ஒரு தீர்மானம் போட்டார்கள்: வண்டி ஓடினால் தார் தேயும், தார் தேய்ந்தால் விலை இறங்கும், ஆகையால் ரோட்டில் வண்டி ஓடக் கூடாது. பித்தளைக் கம்பம் நட்டு, சிவப்புக் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை மாட்டினார்கள். ஓட்டுவார் இல்லையே என்று ஏங்கித் தேடி வந்த ரோடய்யா அது! அதைக் கயிறு கட்டி, தொடாதே என்று எழுதிப்போட்டால் எப்படி இருக்கும்? அன்றிலிருந்து ராத்திரியில் தார் விண்விண்ணென்று அதிர்வதைக் கேட்டோம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தூங்கினோம்.

மேலே, ரோடு எழுந்து வந்த மலையில் ஜனங்கள் இருப்பார்களே என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதைச் சொல்ல மாதி வரவேண்டியிருந்தது. மலைமேல் மேல்சோலை என்கிற ஊரில் கேரட் போடுகிறவள், தலையில் மூட்டையோடு மலையிலிருந்து நடந்தே இறங்கி, அடிவாரத்தில் பஸ் பிடித்து, முழங்கால் வரைக்கும் செம்மண்ணோடு தண்டபாணி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"அய்யா, இது எங்க ரோடு" என்றாள். "இது எழுந்து வந்த எடத்துல வெறும் பள்ளந்தான் கெடக்கு. மழ பேஞ்சா ஓடை. என் மருமகளப் பிரசவத்துக்குக் கம்பளியில கட்டித் தூக்கிட்டு எறங்குனோம். ஆசுபத்திரி போய்ச் சேரல. பாதி வழியில, சேத்துல பொறந்துச்சு கொழந்த."

"அடடா" என்றான் தண்டபாணி.

"பஸ்ஸும் லாரியும் எப்பவும் ஓடிச்சு. ஆனா அந்தச் செவப்புக் காரு ஒண்ணுதான் அதுகூட வெளையாடும். வரும் வரும்னு பாத்துட்டே இருந்துச்சு, வரல, எறங்கி வந்துடிச்சு. ஒரே ஒரு வாட்டி காரை மேல ஓட்டியாங்கய்யா. ரோடு பொறத்தாலயே வந்துடும்."

இதில் நம்ப மாட்டேன் என்று சொல்ல என்ன இருக்கிறது? நாங்கள் எல்லாரும் நம்பினோம். தண்டபாணியும் நம்பினான், அதுதான் கொடுமை. போனை எடுத்து வைத்துக்கொண்டு, "மேல வரைக்கும் எத்தன கிலோமீட்டருங்கம்மா?" என்று கேட்டான். கேட்டுவிட்டுத் தட்டித் தட்டிப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"கட்டுப்படி ஆகாதுங்கம்மா" என்றான். "சித்தெ உக்காருங்க, ஒரு காபி சாப்பிட்டுப் போங்க."

எங்கள் ஊர் மரியாதை இருக்கிறதே, அது அப்படி. கழுத்தை அறுத்தாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்போம். மாதி காபி குடிக்கவில்லை. மூட்டையைத் தூக்கப் போனாள். எதிர்வீட்டு வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த சுலோச்சனா வந்து ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

அந்த வாரமே தண்டபாணி காரை விலை பேசி முடித்தான். வாங்குகிறவர் ஏதோ ஒரு தேசத்துக்காரர். கார் நேராக ஒரு விமான நிலையத்துப் பக்கத்துக் குடோனுக்குப் போகும், அங்கே அவருடைய மற்ற கார்களோடு பெட்டிக்குள் இருக்கும், விலை ஏறினதும் அங்கிருந்தபடியே இன்னொருவருக்கு மாறும். அவர் ஒருதரம்கூட வந்து பார்க்க மாட்டாராம். சுலோச்சனா அதைக் கேட்டுவிட்டு வந்து என் வீட்டுப் படியில் உட்கார்ந்தாள். அவ்வளவு கோபத்தில் ஒரு மனுஷியை நான் பார்த்ததில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை, கால் கட்டைவிரல் மட்டும் கிளட்ச்சை அழுத்துகிற மாதிரி படியை அழுத்திக்கொண்டே இருந்தது.

"கார் கப்பலேறிப் போயிருச்சுன்னா ரோடு சும்மா இருக்குமா?" என்றாள். "பின்னாடியே போகும். போய்க் கடலுக்குள்ள எறங்கும். அந்தச் சனங்க வாழ்நாள் முழுக்கப் பள்ளத்துல நடக்கணும். இவனுக்குக் கட்டுப்படி ஆகாதாம்."

இங்கேதான் தண்டபாணி ஒரு தப்புப் பண்ணினான். விலைக்காரர்கள் மட்டுமே பண்ணக்கூடிய தப்பு. பம்பாயிலிருந்து வந்த ஏல ஏஜெண்ட், காருக்கு ஒரு 'கதை' வேண்டும் என்றார். வெறும் காருக்கு ஒரு விலை, கதையுள்ள காருக்கு வேறு விலை. பந்தயத்தில் ஜெயித்த பெண் இன்னும் உயிரோடு இருக்கிறாளாமே, அவள் ஓட்டின ரோடே வாசலில் கிடக்கிறதே, அவளை உட்காரவைத்து, எஞ்சினை ஓடவிட்டு, ஒரு வீடியோ எடுத்தால் ஐந்தில் ஒரு பங்கு கூடும் என்றார். வருஷக்கணக்காகச் சாவியைக் கண்ணில் காட்டாதவன், எதிர்வீட்டுக்கு ஓடி வந்து, அக்காவிடம் கை கட்டி நின்றான்.

"அக்கா, சும்மா உக்காந்து சிரிச்சாப் போதும். உனக்கும் பங்கு கூடுதில்ல?"

"எஞ்சின் ஓடுமா?"

"ஓடும், ஆனா கியர் கீர் போட்றாதே. வெறும் சத்தந்தான் வேணும்."

"செரி" என்றாள் சுலோச்சனா.

சக்கரம் உருண்டால் மீட்டர் ஓடிவிடும் என்று, எட்டு பவுண்டரி ஆட்களுக்கு வெள்ளைக் கையுறை மாட்டி, காரைப் பல்லக்கு மாதிரி தூக்கி வரச் செய்து, ரோட்டின் அடிமுனையில், கயிற்றுக்கு இந்தப் பக்கம், பொத்தினாற்போல இறக்கினான். டயர் தாரில் பட்டதுதான், உச்சிவரைக்கும் ரோடு ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்தது. எங்கள் மாடித் தண்ணீர் டேங்குகள் ஆடின. சுலோச்சனா வந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் இழுத்துச் செருகினாள். உட்கார்ந்தாள். ஏஜெண்ட் சிரிக்கச் சொன்னார், சிரித்தாள். சாவியைத் திருப்பினாள், வீதி எழுந்து உட்கார்ந்தது. சத்தம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் மிதியுங்கள் என்றார் ஏஜெண்ட். மிதித்தாள்.

பித்தளைக் கம்பங்கள் என் வீட்டு வாசல்வரைக்கும் வந்து விழுந்தன. கயிறு அறுந்து பேனட்டில் தொங்க, முதல் வளைவை அவள் எடுத்ததை நான் பார்த்தேன்: பிரேக்கைத் தொட்டதாகவே தெரியவில்லை, கியரை ஒன்று குறைத்தாள், வண்டியின் பின்பக்கம் ஒரு சாண் வெளியே நழுவிப் போய்த் தானாகவே திரும்பி வந்து வரிசையில் நின்றது, டீக்கடைக்காரர் கை தட்டினார், அவள் பல் டாக்டரின் வளைவைத் தேய்த்தாள், பனியன் கம்பெனிக்காரரின் வளைவைத் தேய்த்தாள், தலைமுடி அவிழ்ந்து பறக்க, முழங்கால் வலியாவது ஒன்றாவது, வாயைத் திறந்து என்னவோ கத்திக்கொண்டே போனாள், கெட்ட வார்த்தைகள்தான் என்று நினைக்கிறேன், இத்தனை வருஷம் கம்மென்று இருந்ததற்கெல்லாம் சேர்த்து, வளைவுக்கு ஒன்றாக. ரோடும் சும்மா இருக்கவில்லை. அவள் சாய்கிற பக்கம் தானும் சாய்ந்து கொடுத்தது, அவள் வேகமெடுக்கும்போது தன்னை நிமிர்த்தி நீட்டிக் கொடுத்தது. பின்சக்கரம் கடந்த இடமெல்லாம் கிடந்த இடத்தை விட்டெழுந்து அவள் பின்னாலேயே போயிற்று. குரங்குகள் தாவித் தாவி அதில் ஏறிக்கொண்டன.

மேலே ரோடு முடிகிறது. மேலே ஒன்றுமே இல்லை, காற்றுதான். அது வீதியில் எல்லாருக்கும் தெரியும். நாங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, சுலோ, நிறுத்து, விழுந்துருவே என்று கத்தினோம். தண்டபாணியும் கத்தினான். உயரும் ரோட்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு, அது இழுத்த இழுப்புக்குச் சாக்கடைவரை ஓடி, சாக்கடைக்குள் விழுந்து, விழுந்த இடத்திலிருந்தே கத்தினான்.

"மீட்டர் ஓடுது! அக்கா, மீட்டர் ஓடுது!"

கூடப்பிறந்தவள் ஆகாயத்திலிருந்து விழப்போகிறாள், இவனுக்கு மீட்டர். அந்த நிமிஷம் பக்கத்தில் கல் ஒன்று இருந்திருந்தால் நான் எறிந்திருப்பேன். எறிந்திருப்பேன் என்று போலீஸிடமும் சொல்வேன்.

அவள் நிறுத்தவில்லை. மூடுபனிக்குள் சிவப்பாக ஒரு புள்ளி போயிற்று, சத்தம் மட்டும் கேட்டது, ரோடு முடிகிற இடத்தில்கூட அந்தச் சத்தம் ஒரு தம்பிடி இறங்கவில்லை. அவள் விளிம்பைத் தாண்டின இடத்தில் மலை இருந்தது. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். மூடுபனி கலைந்தபோது எங்கள் தலைக்கு மேல் பழைய வெயில் இருந்தது, குழாயடியில் ஈரமான ஒரு தடம் இருந்தது, ரோடு இல்லை. சங்கத்துக்காரர்கள் பத்திரத்தை வைத்துக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்கள். பொம்பளைகள் குடத்தைக் கொண்டுவந்து வரிசை வைத்தார்கள்.

கரடிச்சோலை மலையில் அன்று சாயங்காலமே பஸ் ஓடிற்று. சுலோச்சனா திரும்பி வரவில்லை. கார் மலையை விட்டு ஊருக்குப் போனால் ரோடும் கூடவே போய்விடும் என்று மலைக்காரர்கள் அவளை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேலும் கீழுமாக ஒருதரம் ஓட்டுவாள், மற்ற நாளில் அதே காரில் கேரட் மூட்டை ஏறும், சீக்காளி ஏறும், ஒருதரம் ஒரு கன்றுக்குட்டி ஏறிற்றாம். விலை விழுந்துவிட்டது என்று ஏஜெண்ட் போனில் சொன்னதும் தண்டபாணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் மலை பஸ் ஏறினான்.

அதற்கப்புறம் நடந்ததை உழவர் சந்தையில் கேரட் நிறுத்துக்கொண்டே மாதி எனக்குச் சொன்னாள். பஸ்ஸை விட்டிறங்கினவன் கார் பக்கத்தில் போய் நின்றானாம். சேறும் கீறலும் ஆட்டுப் புழுக்கையுமாக அது நின்றதாம். சுலோச்சனா துணியால் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாளாம். நல்லா இருக்கியா என்று தம்பி கேட்கவில்லை. சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"எத்தன ஓடிருக்குக்கா?"

அவள் பக்கத்துச் சீட்டிலிருந்த மூட்டையை எடுத்துக் கீழே வைத்தாள். "ஏறுடா" என்றாள்.

அவன் ஏறினான். அவள் ஓட்டினாள். அன்றைக்கு மலையில் நல்ல வெளிச்சமாம், மழை பெய்து விட்டிருந்ததாம், தைல மர வாசனையாம், ரோடு அவளுக்காக அப்படி நெளிந்து கொடுத்ததாம். காட்டிலிருந்த தானே கேரட் பிடுங்குவதை விட்டு நிமிர்ந்து பார்த்ததாகச் சொன்னாள் மாதி. தண்டபாணி எதையும் பார்க்கவில்லை. கண் மீட்டரில் இருந்தது. முதல் வளைவில் ஒரு லட்சம் போச்சு என்றான். அடுத்ததில் இன்னொரு லட்சம் போச்சு என்றான். மாதியின் கேரட் காட்டை ஒட்டின வளைவில், இத்தோடு ஒரு வீடு போச்சுக்கா என்று விசும்பினான்.

சுலோச்சனா வண்டியை நிறுத்தினாள்.

"எறங்கு."

"இங்கயா? இது பஸ் நிக்கற எடமே இல்லியே."

"இல்ல. பஸ்ஸும் சாயங்காலந்தான்."

"அப்ப நான் எப்படிக்கா ஊட்டுக்குப் போறது?"

"ரோடே இல்லாத மலையில நெறமாசக்காரியத் தோள்ல தூக்கிட்டு எறங்குனாங்க" என்றாள் சுலோச்சனா. "உனக்கு ரோடு இருக்குதில்ல? நட."

கார் போய்விட்டது. அவன் நடக்காமல், வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, அது போன திசையைப் பார்த்து அங்கேயே நின்றுகொண்டிருந்தானாம். மாதி ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து கேரட் பிடுங்கினாள்.